ஊறும், ஆனால் முளைக்காது

காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் இருக்கும்போதே உளுந்தையும் பச்சைப்பயறையும் நெற்பயிருக்குள் தெளித்துவிடுவார்கள். மண் மெழுகுப் பதத்தில் இருந்தால் போதும். உழவு கிடையாது, அதன்பின் பெரும்பாலும் பாசனமும் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் தை, மாசிப் பனியும்தான் பயிருக்கு மூலதனம். நாகை, வேதாரண்யம் பக்கத்துக் கடலோர வயல்களில் அந்த ஈரத்துக்கு ஒரு பங்காளி உண்டு: உப்பு. தையில் பச்சை கட்டி நின்ற வயல், மாசியில் திட்டுத் திட்டாக வெளுக்கும். 'விதை சரியில்லை' என்று பழி விதைக் கடைமேல் விழும். பல நேரம் விதை நல்ல விதையாகத்தான் இருந்திருக்கும்.

காய்ந்த பயறுக்குள் ஈரம் சுமார் பத்து சதவீதம்தான். அது தண்ணீரை இழுக்கும் வேகம் அசாத்தியமானது. அந்த முதல் உறிஞ்சலில் உயிருக்கு வேலையே இல்லை. செத்த விதைகூட ஊறிப் பருக்கும். கடல்நீரில் போட்டாலும் பயறு உப்பத்தான் செய்யும். ஊறியதைப் பார்த்து முளைத்துவிடும் என்று நம்புவது இங்கேதான் பொய்க்கிறது.

அடுத்து உறிஞ்சல் சற்று நிற்கும். விதைக்குள் நொதிகள் விழித்து, சேமித்த மாவையும் புரதத்தையும் உடைக்கத் தொடங்கும். மூன்றாவது கட்டத்தில் வேர்முனைச் செல்கள் மறுபடி நீரை இழுத்து நீண்டு, தோலைக் கிழித்து வெளியே வர வேண்டும். வெளிநீரைவிடச் செல்லுக்குள் கரைபொருள் அதிகம் இருந்தால்தான் இது நடக்கும். வெளியே உப்பு ஏறினால் இழுவிசை சமமாகி, தண்ணீரில் மூழ்கிக் கிடந்தும் விதை வறட்சியில் தவிக்கும். இது மட்டும்தான் கோளாறு என்றால் நல்ல நீருக்கு மாற்றியதும் விதை பிழைத்துக்கொள்ளும். ஆனால் சோடியமும் குளோரைடும் உள்ளே புகுந்து, பொட்டாசியம், கால்சியம் இருக்க வேண்டிய இடங்களைப் பிடித்துக்கொள்கின்றன. செல்சவ்வு கசிந்து சர்க்கரை வெளியேறுகிறது. அதைத் தேடிப் பூஞ்சை வருகிறது. அதற்குமேல் நல்ல தண்ணீர் விட்டும் பயனில்லை.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். நான்கு கிண்ணம், ஒரே கடையில் வாங்கிய பச்சைப்பயறு. முதல் கிண்ணத்துக்கு நல்ல தண்ணீர். இரண்டாவதற்கு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது ஐந்தாறு கிராம் உப்பு. மூன்றாவதற்கு இரண்டு தேக்கரண்டி. நான்காவதற்குக் கடல்நீர் அளவு, லிட்டருக்கு 35 கிராம். ஊறவைத்து வடித்து, அதே நீரில் நனைத்த துணியில் கட்டி வையுங்கள். கடல்நீர்க் கிண்ணம் ஊறுவதோடு நின்றுவிடும். சுவாரசியம் இரண்டாவது கிண்ணத்தில் இருக்கிறது. முளைத்த பயறை மட்டும் எண்ணினால் நல்ல தண்ணீருக்கு அதிகம் குறைந்திருக்காது, சற்றுத் தாமதம் தெரியும், அவ்வளவுதான். அளவுகோலை எடுத்து வேரை அளந்தால் கதை மாறும்: குட்டையான வேர், பக்கவேர் குறைவு. பள்ளிக் கண்காட்சிகளில் இந்தச் சோதனையை அடிக்கடி வைக்கிறார்கள். பெரும்பாலும் முளை எண்ணிக்கையோடு முடித்துக்கொள்கிறார்கள் என்பதுதான் என் குறை.

வயலில் நடப்பதும் இதுவே, மெதுவாக. தையில் மண் ஈரமாக இருக்கையில் உப்பு நீர்த்துக் கிடக்கிறது, விதை முளைத்துவிடுகிறது. நாள் போகப்போக நீர் ஆவியாகிறது, உப்பு ஆவியாவதில்லை. ஈரம் பாதியானால் மிச்ச நீரில் உப்பின் செறிவு இரண்டு மடங்கு. அடிமண் உப்பும் மேலே ஏறி வெள்ளையாகப் பூக்கும். இளவேர் இருப்பதும் அந்த மேல்மண்ணில்தான். உளுந்து, பயறு சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 75 சதவீதம் என்பது விதி. அது நல்ல நீரில் பார்த்த கணக்கு. நம் வயல் மண்ணுக்கு அது உத்தரவாதம் ஆகாது.

பயறு இனத்தின் இந்தப் பலவீனத்தைச் சார்லஸ் டார்வினும் கண்டார். கடல் கடந்த தீவுகளுக்குச் செடிகள் எப்படிப் போயின என்ற கேள்வியோடு 1855-இல் தன் வீட்டிலேயே உப்புநீரில் விதைகளைப் போட்டு வைத்தார். தாவரவியலாளர் ஹூக்கரை அப்பா ஜெயிப்பாரா என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். 87 வகை விதைகளில் 64 வகை, 28 நாள் ஊறிய பின்னும் முளைத்தன. ஆனால் அவர் சோதித்த ஒன்பது பயறுக் குடும்ப வகைகளில் ஒன்றைத் தவிர மற்றவை உப்புநீரைச் சரியாகத் தாங்கவில்லை. நம் கழற்சிக்காயும் இதே குடும்பம்தான், அது கடலில் மிதந்து கரை சேர்ந்தும் முளைக்கிறதே என்றால், அதன் ஓடு தண்ணீரையே உள்ளே விடாது. உப்பைத் தாங்குவது வேறு, கதவைச் சாத்திக்கொள்வது வேறு.

எந்தப் பயறு எவ்வளவு தாங்கும்? மண்ணின் உப்பை மின்கடத்துதிறனாக, ஈ.சி. என்ற எண்ணாக அளக்கிறார்கள், அலகு மீட்டருக்கு டெசிசீமன்ஸ். அமெரிக்காவின் மாஸ், ஹாஃப்மன் இருவரும் 1977-இல் தொகுத்த பட்டியலில் பீன்ஸுக்கு வரம்பு 1. அதைத் தாண்டும் ஒவ்வோர் அலகுக்கும் மகசூல் 19 சதவீதம் விழும். பார்லி 8 வரை அசையாது. பின்னால் விரிவாக்கப்பட்ட பட்டியல்களில் பச்சைப்பயறுக்கு 1.8, தட்டைப்பயறுக்கு 4.9. ஒரே குடும்பத்துக்குள் இத்தனை வித்தியாசம்! உப்பு லேசாக இருக்கும் தோட்டத்தில் பீன்ஸோடு மல்லுக்கட்டுவதைவிடத் தட்டைப்பயறு போடுவது புத்திசாலித்தனம்.

2004 சுனாமியில் கடல்நீர் புகுந்த நாகை வயல்களைத் தேற்ற உதவிய தக்கைப்பூண்டும் பயறுக் குடும்பமே. அடுத்த ஆண்டின் வடகிழக்குப் பருவமழை உப்பைப் பெருமளவு கழுவிவிட்டது. உவர் நிலத்துக்கு மருந்து நல்ல நீரைத் தேக்கி வடிப்பதுதான். ஜிப்சம், சோடியம் மிகுந்த களர் நிலத்துக்கானது. மண்ணைச் சோதிக்காமல் ஜிப்சம் மூட்டைகளை வாங்கிக் கொட்டுவது வீண்செலவு.

நெல் விதைக்கு ஒரு பழக்கம் உண்டு: முட்டை மிதக்கும் வரை உப்பைக் கரைத்து, அதில் மிதக்கும் பதரை நீக்கிவிட்டு, மூழ்கிய விதையை உடனே இரண்டு மூன்று முறை நல்ல நீரில் கழுவுவது. கழுவாவிட்டால் முளைப்பு கெடும். மெல்லிய தோலோடு வெடுக்கென்று நீர் குடிக்கும் பயறுக்கு அந்த வித்தை வேண்டாம்.

மாடித் தோட்டக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீரை வீணாக்க மனமின்றி அவரைத் தொட்டிக்கு ஊற்றுகிறீர்கள். அது உப்பு செறிந்த நீர். மீஞ்சூர் போலக் கடல்நீர் நிலத்தடியில் புகுந்த ஊரென்றால் ஆழ்துளைக் கிணற்று நீரும் அப்படித்தான். ஆர்.ஓ. சர்வீஸுக்கு வருபவரிடம் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும், அந்த நீரை அளந்து காட்டச் சொல்லுங்கள். ஏறத்தாழ 640 பி.பி.எம். என்றால் ஈ.சி. 1. பாசன நீரில் பீன்ஸுக்கு 0.7-ஐத் தாண்டினாலே சேதம் தொடங்கும். வயல் வைத்திருப்பவர்கள் அடுத்த தை விதைப்புக்கு முன் ஒரு பிடி மண்ணையும் ஒரு பாட்டில் தண்ணீரையும் அருகிலுள்ள மண் பரிசோதனை நிலையத்துக்கு எடுத்துப் போங்கள். நாகை மாவட்டத்தார் சிக்கல் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம். விதை வாங்குவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.