ஓய்வுக்குத் தென்காசி வருவோர்க்கு

தென்காசி, குற்றாலம் பக்கம் ஓய்வுக்காலத்தைக் கழிக்க வருவோரில் பெரும்பாலானோர் ஊர் திரும்புகிறவர்கள். சென்னையிலும் மும்பையிலும் வேலை பார்த்தவர்கள் உண்டு; சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று கடல் கடந்து போனவர்களும் உண்டு. கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்களுக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள தொடர்பு பல தலைமுறைப் பழையது. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941-இல் தொடங்கப்பட்டது. இவர்களைத் தவிர, இந்த ஊரோடு எந்த உறவும் இல்லாமல், சீசனில் ஒருமுறை அருவியில் குளித்துவிட்டு ‘இனி இங்கேதான்’ என்று முடிவெடுத்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். அதிக எச்சரிக்கை தேவைப்படுவது இந்தக் கடைசி வகையினருக்கு.

ஆசையில் தவறில்லை. இந்து அறநிலைய ஆணையராகப் பணியாற்றிய ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் பணி முடிந்தபின் குற்றாலத்தில்தான் குடியிருந்தார். 1954-இல் மறையும்வரை ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி இங்கே வந்துகொண்டிருந்தார்கள். ஆனால் டி.கே.சி.க்கு இது பழகிய சீமை. புதிதாக வருகிறவர் முதலில் செய்யவேண்டியது வீடு வாங்குவதல்ல. ஒரு முழு ஆண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பது.

காரணம், குற்றாலத்துக்கு ஓர் ஆண்டில் பல முகங்கள். ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேகங்களைத் தள்ளிக்கொண்டு வருகிறது. பெருமழை மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பெய்துவிட, இந்தப் பக்கம் விழுவது சாரல். மலை உச்சியில் பெய்த நீர்தான் அருவிகளாக இறங்குகிறது. ஆகஸ்ட் வரை, சில ஆண்டுகளில் செப்டம்பர் வரை, இதுதான் சீசன். வெயிலும் சாரலும் மாறி மாறி வரும் இந்த நாட்களைப் பார்த்து மயங்காதவர் குறைவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மாவட்டத்துக்குக் கூடுதல் மழை தருவது இதுவே, சாரல் போல மென்மையாகவும் இராது. மார்ச் முதல் மே வரை அருவிகள் பாறையாக நிற்கும், மதிய வெயில் திருநெல்வேலிக்குச் சற்றும் குறையாது. குற்றாலம் மலைவாசத்தலம் அல்ல, மலையின் அடிவாரம் என்பதைப் பலர் சித்திரையில்தான் உணர்கிறார்கள்.

சீசனுக்கும் ஒரு விலை உண்டு. வாரக்கணக்கில் துணி உலராது, சுவரில் பூஞ்சை படரும், அரிசியிலும் பருப்பிலும் ஈரம் ஏறும். மூட்டுவலியும் ஆஸ்துமாவும் உள்ளவர்களுக்கு இந்த ஈரக்காற்று ஒத்துக்கொள்கிறதா என்பதை ஒரு சீசன் முழுக்க இருந்து பார்த்தால்தான் தெரியும். வாசற்படியிலும் மாடிப்படியிலும் பாசி பிடிப்பதால் வழுக்கும்; வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவு அருவியைவிட வீட்டு வாசலில் நேரத்தான் வாய்ப்பு அதிகம். வழுவழுப்பான டைல்ஸைத் தவிர்த்துச் சொரசொரப்பானதைப் பதிப்பது, குளியலறையிலும் படியிலும் கைப்பிடி வைப்பது, மேற்கே பார்த்த ஜன்னல்களுக்கு அகலமான சன்ஷேடு போடுவது எல்லாம் கட்டும்போதே செய்யவேண்டியவை. ஆடிக்காற்று தகர ஷீட்டைத் தூக்கிப் போடும் அளவுக்கு அடிக்கும்.

எங்கே இருப்பது என்ற கேள்விக்குப் பலரும் அருவிக்கு அருகே என்று பதில் வைத்திருப்பார்கள். அது சரியான பதில் அல்ல. குற்றாலம் பேரூரில் சீசன் வார இறுதி என்றால் வண்டி நகராது, வாடகை ஏறும், லாட்ஜுகளின் சத்தம் நள்ளிரவு தாண்டியும் ஓயாது. குரங்குகள் ஆண்டு முழுவதும் இருக்கும். மருத்துவமனை, வங்கி, ரயில் நிலையம், மார்க்கெட் எல்லாம் ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளித் தென்காசியில் இருக்கின்றன. தென்காசி நகரம், அதற்கும் குற்றாலத்துக்கும் இடையிலுள்ள மேலகரம், குமாரர் கோவிலுள்ள இலஞ்சி, செங்கோட்டை ஆகியவை வயதானவர்களுக்கு வசதியானவை. சோகோ நிறுவனம் 2011-இல் மத்தளம்பாறையில் அலுவலகம் தொடங்கிய பிறகு அந்தப் பக்கமும் வெளியூர்க்காரர்களின் பார்வையில் விழுந்திருக்கிறது. மலையை ஒட்டிய தனி வீடும் தோப்பும் கண்ணுக்கு அழகுதான். ஆனால் வடகரை, மேக்கரைப் பக்கம் யானைகள் தோப்புக்குள் இறங்கித் தென்னையையும் வாழையையும் சாய்ப்பது வழக்கமான செய்தி. கடையம் பக்கம் கரடியும் சிறுத்தையும் ஊருக்குள் வந்திருக்கின்றன. இரவில் நெஞ்சுவலி வந்தால் ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வாசலுக்கு வரும் என்ற கணக்கைப் போட்டுவிட்டு இடத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இடம் வாங்குவதென்றால் பட்டா, சிட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று ஆகியவற்றை இணையத்திலேயே பார்த்துவிடலாம். வில்லங்கச் சான்றைக் குறைந்தது முப்பது ஆண்டுகளுக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரக் கிராமங்களில் அது மட்டும் போதாது. ‘ஹாகா’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் அந்தக் கிராமம் வருகிறதா என்று தாலுகா அலுவலகத்தில் விசாரிக்கவேண்டும். வந்தால், அந்த அனுமதி இல்லாமல் கட்டிய வீடு எப்போதும் கத்தி முனையில்தான். ஓடையைத் திருப்பிவிட்டுச் செயற்கை அருவி அமைத்திருந்த தனியார் விடுதிகள் மீது உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் நடவடிக்கை எடுக்கச் சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டால், ‘வீட்டுக்குப் பின்னாலேயே ஓடை’ என்று தரகர் ஆசை காட்டும்போது ஏமாறத் தோன்றாது.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களுக்கு இன்னொரு அடுக்கு இருக்கிறது. தாய்லாந்தில் 50 வயது கடந்த வெளிநாட்டவருக்கு ஓய்வுக்கால அனுமதி உண்டு; அந்நாட்டு வங்கியில் 8 லட்சம் பாட் இருப்போ மாதம் 65,000 பாட் வருமானமோ காட்டவேண்டும், 90 நாட்களுக்கு ஒருமுறை குடிவரவுத் துறையிடம் முகவரியைத் தெரிவிக்கவேண்டும். இந்தியாவில் அப்படி ஓய்வுக்கால விசா என்று ஒன்றே கிடையாது. சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களான தமிழர்களுக்கு வழி, ஓசிஐ எனப்படும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டைதான். அது வாழ்நாள் முழுவதற்கும் செல்லும். காவல்துறையில் பதிவு செய்யவேண்டியதில்லை. 50 வயதுக்குப் பிறகு புதிய பாஸ்போர்ட் எடுத்தால் ஒருமுறை அதன் விவரத்தையும் புகைப்படத்தையும் இணையத்தில் ஏற்றினால் போதும். இந்திய வம்சாவளி என்று காட்டப் பெற்றோர், பாட்டன் வழி ஆவணம் தேவை. மூன்றாம் தலைமுறை மலேசியத் தமிழர்கள் திணறுவது இங்கேதான். தாத்தாவின் பழைய பாஸ்போர்ட், பிறப்புச் சான்று போன்றவற்றை ஊர் திரும்ப நினைக்கும் ஆண்டுக்குச் சில ஆண்டுகள் முன்பே தேடத் தொடங்கவேண்டும். பாஸ்போர்ட் புதுப்பிக்கச் சிங்கப்பூர், மலேசியா, இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் தூதரக அலுவலகங்களும் சென்னையில் இருக்கின்றன.

ஓசிஐ அட்டைக்காரர் வீடும் கடையும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்கமுடியாது. ஓய்வுக்காலக் கனவில் பாதி தென்னந்தோப்பாக இருக்கும் ஊரில் இது பெரிய ஏமாற்றம். தம்பி பெயரில் வாங்கிப் போடலாம் என்று யாரேனும் யோசனை சொல்லக்கூடும். அது பினாமிச் சட்டத்தில் கொண்டுபோய் விடும். அதைவிட முக்கியமாக, தம்பியோடு உள்ள உறவைக் கெடுக்கும். வாரிசாக வரும் நிலத்துக்கு இந்தத் தடை இல்லை. இந்திய பாஸ்போர்ட்டோடு வளைகுடாவில் இருந்தவர்கள் நிரந்தரமாகத் திரும்பியபின் நிலம் வாங்கத் தடையில்லை. வெளிநாட்டிலிருந்தபடியே சொந்தக்காரருக்குப் பவர் கொடுப்பதென்றால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, பத்திரம் இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிடவேண்டும்.

பணத்தில் பலர் செய்யும் பிழை, ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் ஆனபிறகும் வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களுக்கான என்ஆர்இ கணக்கை அப்படியே வைத்திருப்பது. நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு திரும்பியவுடன் அதைச் சாதாரண உள்நாட்டுக் கணக்காக மாற்றச் சொல்கிறது அன்னியச் செலாவணிச் சட்டம். வெளிநாட்டு நாணயத்திலேயே வைத்திருக்க விரும்பினால் ஆர்எஃப்சி கணக்கு உண்டு. நீண்டகாலம் வெளிநாட்டில் இருந்து திரும்பியவர்களுக்கு வருமானவரியில் ‘சாதாரணமாகக் குடியிராதவர்’ என்ற இடைநிலை சில ஆண்டுகள் கிடைக்கும். அந்தக் காலத்தில் வெளிநாட்டு வருமானத்துக்குப் பெரும்பாலும் இங்கே வரி இராது. வெளிநாட்டுச் சேமிப்பைக் கலைப்பதென்றால் அந்த ஆண்டுகளுக்குள் கலைப்பது லாபம் என்பதால், விமானம் ஏறுமுன்பே ஒரு ஆடிட்டரைக் கலந்துகொள்வது செலவல்ல. தபால் அலுவலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம், ஆனால் ஓசிஐ அட்டைக்காரர் சேரமுடியாது.

உள்நாட்டு ஓய்வூதியர்களுக்கு ஆண்டுக்கொருமுறை உயிர்வாழ் சான்று. மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் கொடுக்கவேண்டும். 80 வயது கடந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். மாநில அரசு ஓய்வூதியர்களுக்கு நேர்காணல், தாங்கள் ஓய்வுபெற்ற மாதத்தில். 2014-இல் வந்த ‘ஜீவன் பிரமாண்’ முறையால் இதற்காக யாரும் சென்னைக்கோ டெல்லிக்கோ ஓடவேண்டியதில்லை. தபால்காரரே வீட்டுக்கு வந்து 70 ரூபாய்க்கு விரல்ரேகை எடுத்து முடித்துத் தருகிறார். ரேகை தேய்ந்தவர்களுக்கு முகத்தைப் படமெடுத்துச் செய்யும் வழியும் உண்டு.

மருத்துவத்தில் தென்காசியின் எல்லை எது என்று தெரிந்திருப்பது உயிரைக் காக்கும். 2019 நவம்பர் 22-இல் தனி மாவட்டமானபின் இங்குள்ள அரசு மருத்துவமனை மாவட்டத் தலைமை மருத்துவமனையாக இயங்குகிறது; தனியார் மருத்துவமனைகளும் உண்டு. சிக்கலான இதய, மூளைச் சிகிச்சைக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர் தள்ளியுள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதற்கும் மேல் மதுரை அல்லது திருவனந்தபுரம். கண்ணுக்கு அரவிந்த் மருத்துவமனை திருநெல்வேலியிலேயே இருக்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு வீடு தேடி மாத்திரை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மருந்தின் வணிகப் பெயரை அல்ல, உள்ளிருக்கும் மூலப்பொருளின் பெயரை எழுதிக் கொண்டுவரவேண்டும். அங்கே பனடால் என்றது இங்கே பாராசிட்டமால். தலைவலி மாத்திரையில் குழம்பினால் பரவாயில்லை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையில் குழம்பக்கூடாது. மருத்துவக் காப்பீட்டில் சேர வயது வரம்பு 2024-இல் நீக்கப்பட்டது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்றாண்டு வரை போகலாம் என்பதால் திரும்பிய உடனே எடுப்பது நல்லது.

இனி அருவி. உள்ளூரில் இருப்பவருக்குக் கிடைக்கும் பெரிய சலுகை, கூட்டத்தோடு முண்டியடிக்க வேண்டியதில்லை என்பது. வார நாள் விடியற்காலையில் போனால் பேரருவியிலேயே இடம் கிடைக்கும். அளவில் சிறிய சிற்றருவியும் புலியருவியும் முதியவர்களுக்கு ஏற்றவை. தலையை நேராக அடியில் கொடுக்காமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு தோளிலும் முதுகிலும் தண்ணீரை வாங்குவதே அனுபவசாலிகளின் முறை. எண்ணெய், சோப்பு, ஷாம்பு தேய்த்துக் குளிக்க நீதிமன்றத் தடை இருக்கிறது. மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. 2024 மே 17-இல் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது. அது சீசன்கூடத் தொடங்காத நேரம். காவலர்கள் கயிறு கட்டித் தடுத்தால், ‘நான் உள்ளூர்க்காரன்’ என்று வாதாடுவதில் பொருளில்லை.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, செங்கோட்டையை அடுத்த பிரானூர் பார்டரின் பரோட்டா இரவு உணவாக வாரம் ஒருமுறைக்கு மேல் எந்த இதயத்துக்கும் நல்லதல்ல என்பதைச் சொல்லிவைக்கவேண்டும். சீசனில் குற்றாலக் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் துரியனும் வரும்போது, மலேசியாவிலிருந்து திரும்பியவர்களுக்கு ஊர் விட்டு வந்த ஏக்கம் கொஞ்சம் தணியும்.

வெளியூர் போய்வர, சென்னைக்குப் பொதிகை, சிலம்பு ரயில்கள் உண்டு. செங்கோட்டை - புனலூர் அகலப்பாதை 2018-இல் முடிந்தபின் கொல்லம் பக்கமும் ரயிலில் போகலாம். ரயில்வே 2020-இல் நிறுத்திய முதியோர் கட்டணச் சலுகை திரும்பவில்லை. 60 வயது கடந்த ஆண்களுக்கும் 45 கடந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை முன்னுரிமை மட்டும் தொடர்கிறது.

கடைசியாக, சொத்தை யாருக்கு எழுதுவது என்பது. தனியாக இருக்கும் முதியவரை அண்ணாச்சி, அக்கா என்று அன்போடு கவனித்துக்கொள்ளும் சொந்தங்கள் இங்கே நிறைய; வீட்டைச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்டாடுபவர்களும் உண்டு. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, கவனித்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டு சொத்தைப் பெற்றவர் கைவிட்டால், வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக்கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யலாம். ‘பராமரிக்கவேண்டும்’ என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவைத்தால் வழக்கு எளிதாகும். இந்தச் சட்டத்தில் மூத்த குடிமக்கள் என்பது 60 வயதான இந்தியக் குடிமக்களை மட்டுமே குறிக்கும். ஆகவே ஓசிஐ அட்டைக்காரர்கள் உயிரோடிருக்கும்போது சொத்தைக் கைமாற்றாமல், உயிலாக எழுதிப் பதிவுசெய்து வைப்பதே பாதுகாப்பு. முஸ்லிம்களுக்கு உயிலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுதவும், வாரிசு ஒருவருக்குத் தனியாக எழுதவும் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.