யாழ்ப்பாணத்தில் ஒரு மணல் மலை

"வாப்பா, கீரிமலையில மலை எங்க?" என்று என் இளைய மகள் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெயரில்தான் மலை. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் தட்டையாகக் கிடக்கும் பூமி. ஆனாலும் பிள்ளை கேட்டுவிட்டாள். மறுநாள் காலை உம்மா, மனைவி, பிள்ளைகளோடு பருத்தித்துறை வழியாக மணற்காட்டுக்குப் புறப்பட்டேன்.

அன்புச் சகோதரிகளே! யாழ்ப்பாணம் போனால் இந்த இடத்தை விட்டுவிடாதீர்கள். வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களைத் தாண்டி வடமராட்சிக் கிழக்குக் கரைக்கு வந்ததும் மண்ணின் நிறமே மாறிவிடுகிறது. வெண்மணல் குன்று குன்றாக நிற்கிறது. ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, மறு பக்கம் நீலக் கடல், மணலின் மேல் அடம்பன் கொடியும் அதன் ஊதாப் பூவும். மலைகளில் வெள்ளையும் சிவப்பும் கறுப்புமான வரிகள் இருப்பதை அல்லாஹ் சூரா ஃபாதிரின் 27ஆம் வசனத்தில் நினைவூட்டுகிறான். அந்தப் பாடத்தை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அன்றுதான் பிள்ளைகளிடம் கையை நீட்டிக் காட்டிச் சொன்னேன்.

இங்கே நிலையான பாதை கிடையாது. நடந்த சுவட்டைக் காற்று அழித்துவிடும். மணலில் பாதி புதைந்த பழைய தேவாலயம் ஒன்றும் அங்கே இருக்கிறது. வெயில் ஏறுமுன் ஏறி இறங்கிவிடுங்கள். பிறகு கால் பொறுக்காது. உளூவுக்குத் தண்ணீர் கொண்டுபோங்கள். மணல்தான் குவிந்து கிடக்கிறதே என்று தயம்மும் செய்துவிட முடியாது.

2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையையும் தாக்கியது. மணல் மேடு கடலுக்கு வேலி. மழை நீரைத் தேக்கி வைப்பதும் அதுதான். வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் இது சிறிய விஷயமல்ல. அப்படியிருந்தும் மணலை அள்ளி விற்கிறார்கள். அடம்பன் கொடிதான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. பூவுக்காகக் கொடியைப் பிடுங்க வேண்டாமென்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ளுஹர் நேரமானது. சவுக்கு நிழலில் பாயை விரித்தோம்.

"உங்கட ஊர்தானே, கஸ்ர் செய்யலாமா?" என்று மனைவி கேட்டாள்.

நான் சோனகத் தெருவில் பிறந்தவன். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, ஆயுதம் ஏந்தியவர்கள் இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினேன். இப்போது குடியிருப்பு புத்தளத்தில். நபி (ஸல்) அவர்கள் மக்காவில் பிறந்தவர்கள். ஹிஜ்ரி 8இல் மக்காவை வெற்றி கொண்டு அங்கே தங்கியிருந்தபோது தொழுகையைச் சுருக்கியே தொழுதார்கள். குடியேறிய ஊர்தான் ஊர். மாணவர்களுக்கு இந்த மஸ்அலாவைச் சொல்லும்போது நாக்கு தடுமாறியதில்லை. அன்று மனைவிக்குச் சொல்லத் தடுமாறினேன்.

இரண்டு ரக்அத் தொழவைத்துச் சலாம் கொடுத்தேன். பின்னால் உம்மா மட்டும் சலாம் கொடுக்காமல் எழுந்து நின்று மீதி இரண்டையும் தொழுதார்.

"எண்ட ஊரில நான் என்னத்துக்கு மகன் சுருக்கித் தொழ?" என்றார், பாயைச் சுருட்டிக்கொண்டே.

நான் பதில் பேசவில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் பயணி நிறைவாகத் தொழுதாலும் கூடும்.