வெட்டுமுன் மரத்தை அறிவோம்: வாவிக்கரை விறகு பற்றிச் சில குறிப்புகள்

2022ஆம் ஆண்டில் சமையல் எரிவாயு கிடைக்காமல் நாடெங்கும் மக்கள் வரிசையில் நின்றபோது, எரிவாயுவுக்குப் பழகிவிட்ட எழுவான்கரை வீடுகளும் மீண்டும் விறகைத் தேடின. படுவான்கரையில் பல வீடுகளில் விறகடுப்பு என்றுமே ஓய்ந்ததில்லை. வாவியோரத்துக் குடும்பங்களுக்குக் கைக்கெட்டிய தூரத்தில் நிற்பவை கண்டல் மரங்களே. அடுப்பெரிக்க வழியில்லாதவர்களைக் குற்றம் சொல்ல நாம் இதை எழுதவில்லை. ஆனால் வெட்டப்படுவது எந்த மரம், வெட்டியபின் அதற்கு என்ன நடக்கும் என்பதை விறகெடுக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

கண்டல் என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரு மரமல்ல. உவர்ச் சேற்றில் வளரப் பழகிய பல மரங்களின் கூட்டம். வேரையும் இலையையும் பார்த்தால் இவற்றைப் பிரித்தறிவது கடினமல்ல.

உண்மையான கண்டல், நீரின் ஓரத்தில் மிண்டி வேர்களை ஊன்றி நிற்கும். அடிமரத்திலிருந்து வில்லாக வளைந்து சேற்றில் இறங்கும் இவ்வேர்கள் நண்டின் கால்களை நினைவூட்டும். இலை தடித்தது, நுனியில் ஊசிபோன்ற சிறு முனை இருக்கும். முருங்கைக்காய் போல் நீண்டு தொங்குவது காயல்ல. விதை மரத்திலேயே முளைத்து இறங்கிய நாற்று அது. இதன் மரம் கனமானது, சிவந்தது. நின்று எரியும், நல்ல கரி தரும். நைலோன் வலை வருமுன் மீனவர்கள் இதன் பட்டையை அவித்து வலைக்குச் சாயமேற்றினார்கள்.

கண்ணாவைச் சுற்றிச் சேற்றில் பென்சில்களை நட்டதுபோல் மூச்சுவேர்கள் நிமிர்ந்து நிற்கும். இலையின் அடிப்புறம் சாம்பல் வெள்ளை. வெயில் நேரத்தில் இலையை நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். மரம் தன் உடலிலுள்ள உப்பை இலைவழியே வெளியேற்றுகிறது. இதன் விறகு புகை கூடியது, பிளப்பதும் சிரமம். கின்னைக்கும் மூச்சுவேர் உண்டு. ஆனால் அவை கூம்புபோல் தடித்து உயர்ந்தவை. காய் உருண்டை, அடியில் நட்சத்திரம்போல் புல்லிவட்டம் விரிந்திருக்கும். புளித்த அக்காயைத் தென்பகுதியில் பானமாக்குகிறார்கள். விறகாக எரித்தால் சாம்பலே மிஞ்சும். கரையேறிய இடங்களில் நிற்கும் திப்பரத்தைக்கு, நுனியில் சிறு பிளவுள்ள தடித்த சிற்றிலையும் வெள்ளைப் பூவும் அடையாளம். உறுதியான மரம், நன்றாக எரியும்.

தில்லையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். மட்டக்களப்பு வாவிக்கரையில் தில்லை மிகுதி. உதிருமுன் இலைகள் செம்மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாறுவதால் தொலைவிலிருந்தே தெரியும். இலையையோ கொப்பையோ ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். அது தோலில் பட்டால் கொப்புளம் போடும். கண்ணில் பட்டால் சிலகாலம் பார்வையே மறையலாம். எரித்தால் எழும் புகையும் கண்ணைக் கரிக்கும். மெதுமரம் ஆதலால் வெட்ட இலகு. அதனால்தான் பழக்கமில்லாதவர்கள் முதலில் இதில் கைவைக்கிறார்கள். பால் கண்ணில் பட்டால் கசக்க வேண்டாம். நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவி, தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

இங்கேதான் சிக்கல். எரிப்பதற்குக் குறைந்த தில்லையும் கண்ணாவும் வெட்டிய அடியிலிருந்து மீண்டும் தளிர்க்கும். விறகுக்குச் சிறந்த கண்டலோ அப்படித் தளிர்ப்பதில்லை. அதன் உயிர்மொட்டுகள் இளங்கொப்புகளில் மட்டுமே இருக்கும். தடித்த கொப்பை வெட்டினால் அந்த இடம் பட்டுப்போகும், அடியோடு வெட்டினால் மரம் முடிந்தது. மலேசியாவின் மாத்தாங் பகுதியில் கண்டலை வெட்டிக் கரி சுடுகிறார்கள்; ஆனால் வெட்டிய துண்டைச் சுமார் 30 ஆண்டுகள் வளரவிட்டே மறுபடி கோடாலி வைக்கிறார்கள். நம் வாவிக்கரையில் அப்படிப்பட்ட பரப்பும் இல்லை, பொறுமையும் இல்லை. போர்க் காலத்தில் பாதுகாப்பின் பெயரால் வீதியோரங்களிலும் பாலங்களின் அருகிலும் வெட்டப்பட்டவை பல. எஞ்சியவற்றின் வேர்களுக்குள்தான் இறாலும் மீன்குஞ்சும் ஒதுங்குகின்றன. ஒரு நாள் சோற்றுக்கு வெட்டிய மரம், பக்கத்து வீட்டுக்காரரின் பல நாள் கறியையும் எடுத்துக்கொண்டு போகிறது. கண்டலை வெட்டுவது சட்டப்படியும் குற்றம்.

அப்படியானால் விறகுக்கு எங்கே போவது? தென்னைமட்டை, பாளை, சிரட்டை, பனைமட்டை ஆகியவை நம் வளவிலேயே விழுகின்றன. வேலிக் கதியாலாகக் கிளிசிரிடியாவை நட்டால் இலை ஆட்டுக்கும் பசளைக்கும் உதவும், தடி அடுப்புக்கு வரும். வெட்ட வெட்டத் தளிர்க்கும். எந்த விறகானாலும் பிளந்து, மழை படாத இடத்தில் நன்றாகக் காயவைத்த பின்னரே எரிக்கவேண்டும். ஈர விறகின் வெப்பத்தில் ஒரு பங்கு அதிலுள்ள நீரை ஆவியாக்கவே செலவாகிறது. மிச்சம் புகையாகத் தாய்மாரின் நெஞ்சுக்குள் போகிறது. 1980களில் இந்நாட்டில் பரவத் தொடங்கிய, இரண்டு பானை வைக்கும் 'அனகி' மண் அடுப்பு, மூன்று கல் அடுப்பைவிடக் குறைந்த விறகே கேட்கும்.

மரத்தை அடையாளம் காண்பது நடுவதற்கும் உதவும். 2004 சுனாமிக்குப் பின் நாட்டின் பல கரைகளில் நட்ட கண்டல்களில் பெரும்பகுதி பிழைக்கவில்லை. இலகுவாகக் கிடைக்கும் கண்டல் நாற்றையே எல்லா இடத்திலும் ஊன்றியது ஒரு காரணம். தில்லை நின்ற மேட்டில் கண்டல் வராது. ஓரிடத்தில் நடுமுன், அங்கே இப்போது நிற்பது எது, முன்பு நின்றது எது என்று அக்கரையின் முதிய மீனவர் ஒருவரிடம் கேளுங்கள். கண்டலுக்கு ஏற்ற சேறு என்றால், தானாக விழுந்த, பூச்சி துளைக்காத நாற்றை எடுத்து, கூர்நுனி கீழே இருக்க மூன்றில் ஒரு பங்கு சேற்றில் ஊன்றுங்கள். ஆடுமாடு வரும் இடமானால் அடைப்பும் வேண்டும்.