பதினொரு நாள் சுடரும் அண்ணாமலைத் தீபம்

கார்த்திகை பிறந்துவிட்டால், "திருவண்ணாமலைக்கு என்று புறப்படலாம்?" என்று அன்பர் பலர் வினவுவர். தீபத்தன்றே செல்லவேண்டும் என்பது பெரும்பாலோர் எண்ணம். அன்று விடியலில் பரணி தீபம். மாலை ஆறு மணிக்கு 2,668 அடி உயர மலையுச்சியில் மகா தீபம். அவ்வேளையில் அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்களே எழுந்தருளிக் காட்சி தருவார். அத்திருக்காட்சியை விழைவோர் அந்நாளில்தான் வரவேண்டும். நெரிசலைத் தாங்கும் உடல்வலியும் வேண்டும்.

ஆயின், மலைமேல் ஏற்றிய சோதி மறுநாளே மறைவதன்று. பதினொரு நாள்கள் இரவுதோறும் சுடர்கிறது. இதனைப் பலர் அறியார். அறிந்தோரும், பின்னாளில் காண்பது ஒரு மாற்றுக் குறைந்ததென்று கருதுகின்றனர். அது பிழை. அண்ணாமலையார் தாமே கிரிவலம் எழுந்தருள்வதும், ஐயங்குளத்தில் தெப்பத் திருவிழா நிகழ்வதும் தீபத்திற்குப் பின்னரே அல்லவா?

என் தமக்கையார் எழுபத்தெட்டாம் அகவையில் தீபத்தன்றே செல்வேன் என்று பிடிவாதம் கொண்டார். கூட்டம் தள்ளிய திசையெல்லாம் சென்று, சுடரைக் காணாமலே திரும்பினார். ஊர் வந்தபின் இரு வாரம் படுக்கை. அடுத்த ஆண்டு ஏழாம் நாள் அழைத்துச் சென்றேன். கிரிவலப் பாதையோரம் அமர்ந்து நெடுநேரம் இமையாது நோக்கியவர், "தம்பி, இதனைச் சென்ற ஆண்டே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். சொன்னேன், அவர்தாம் கேட்கவில்லை.

கார்த்திகை மழைக்காலம் என்பதையும் மறத்தலாகாது. 2024 டிசம்பர் முதல் நாள் இம்மலைச்சரிவில் மண் சரிந்து எழுவர் உயிரிழந்தனர். அவ்வாண்டு தீபத்தன்று மலையேற அன்பர்களுக்கு இசைவு அளிக்கப்படவில்லை. மழை வலுத்திருப்பின் பயணத்தைச் சில நாள் தள்ளிவைப்பதால் வழிபாட்டிற்குக் குறையொன்றும் இல்லை.

கிரிவலம் மட்டுமே கருதுவோர்க்கு எந்நாளும் நன்னாளே. பாதை 14 கிலோமீட்டர். வெறுங்காலுடன் நடத்தல் மரபு. சித்திரை, வைகாசியில் தார்ச்சாலை கொதிக்குமாதலின் கதிரவன் மறைந்தபின் தொடங்குக. பௌர்ணமிக் கூட்டத்திற்கு அஞ்சும் முதியோர், தை, மாசித் திங்களில் வேறொரு நாள் வைகறையில் புறப்படலாம்.

கார்த்திகையில் வர இயலாதவர் மார்கழித் திருவாதிரைக்கு வரலாம். தீபக் கொப்பரையில் திரட்டிய மை அன்று நடராசப் பெருமானுக்குச் சாத்தப்பெற்று, பின்னர் அன்பர்களுக்கு வழங்கப்பெறுகிறது.