சதக் காசில் எழுந்த வங்கி

முதல் இல்லை, ஆதரிப்பார் இல்லை என்று தொழிலில் இறங்கத் தயங்குவோர் நம் மத்தியில் அதிகம். நிறத்தாலும் பெண் என்பதாலும் இரு கதவுகள் மூடப்பட்டிருந்த ஒருவர் மூன்றாவது கதவைத் தாமே அமைத்த வரலாறு அவர்களுக்குப் பயன்படும்.

மெகி லீனா வோக்கர் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் பிறந்தவர். தாய் சலவை செய்து பிழைத்தவர். அக்காலத்தில் அந்நகரக் கறுப்பினப் பெண்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தவை சலவை, வீட்டுவேலை, புகையிலைத் தொழிற்சாலை ஆகியவையே. படித்து ஆசிரியையான மெகி, 1886 இல் திருமணம் செய்ததும் வேலையை இழந்தார். மணமான பெண் கற்பிக்கக் கூடாது என்பது அன்றைய விதி.

அவர் சிறு வயதிலேயே சேர்ந்திருந்த சென். லூக் சங்கம், நமது மரண உதவிச் சங்கங்களைப் போன்றது. நோயுற்றோருக்கு உதவும், அடக்கச் செலவைக் கொடுக்கும். 1899 இல் அவர் அதன் பொறுப்பை ஏற்றபோது கையிருப்பு 31 டொலர், கடனோ 400 டொலர். முன்பிருந்த ஆண் செயலாளருக்கு ஆண்டுக்கு 300 டொலர் சம்பளம், இவருக்கு 100 டொலர். அதையும் ஏற்றுக்கொண்டே வேலையைத் தொடங்கினார்.

அவரது கணக்கு எளிமையானது. சலவைக்காரிகள் உழைத்த காசைத் தம்மை மதிக்காதவர்களின் வங்கியில் போடுகிறார்கள், தம் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்காதவர்களின் கடையில் செலவழிக்கிறார்கள். அந்தக் காசு தம்மிடையே சுற்றினால் வேலையும் தம்மிடையே உருவாகும். இதற்காக 1902 இல் பத்திரிகை, 1903 இல் வங்கி, 1905 இல் பெரிய கடை எனப் படிப்படியாக ஆரம்பித்தார். வங்கியின் பெயரிலேயே 'சதச் சேமிப்பு' என்று இருந்தது. சில்லறைக் காசுடன் வந்தவரும் கணக்குத் திறக்கலாம். முதல் நாளிலேயே 9,000 டொலருக்கு மேல் வைப்பாகச் சேர்ந்தது. அமெரிக்காவில் வங்கியொன்றை நிறுவித் தலைமை தாங்கிய முதல் கறுப்பினப் பெண் அவரே. இந்த நிறுவனங்களில் பெண்கள் இலிகிதர்களாகவும் விற்பனையாளர்களாகவும் அமர்ந்தனர்.

ஆனால் கடை நிலைக்கவில்லை. வியாபாரிகளாகிய நாம் கூர்ந்து படிக்க வேண்டிய இடம் இதுதான். வெள்ளையின வர்த்தகர்கள் முதலில் கட்டடத்தைக் கூடிய விலைக்கு வாங்கிக்கொள்வதாக ஆசை காட்டினர். அது பலிக்காதபோது ஒன்றுகூடி, அக்கடைக்குச் சரக்குக் கொடுக்க வேண்டாமென மொத்த வியாபாரிகளை நெருக்கினர். இன்னொரு காரணமும் இருந்தது. சொந்தச் சமூகத்தவரே பழக்கத்தின் காரணமாகப் பழைய கடைகளுக்குப் போனார்கள். இதை அவர் மேடையிலேயே வெளிப்படையாகக் கண்டித்தார். 1911 இல் கடை மூடப்பட்டது.

வங்கி பிழைத்தது ஏன்? கடைக்குச் சரக்கு பிறர் கையில் இருந்தது. வங்கிக்கு மூலப்பொருள் உறுப்பினர்களின் சேமிப்பு, அதை எவராலும் தடுக்க முடியவில்லை. 1920 அளவில் அதன் கடனுதவியால் 600க்கும் மேற்பட்ட கறுப்பினக் குடும்பங்கள் சொந்த வீடு பெற்றிருந்தன. பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது வேறு இரு கறுப்பின வங்கிகளுடன் இணைந்து தப்பியது. 1934 இல் அவர் மறைந்த பின்னரும் பல தசாப்தங்கள் இயங்கியது.

வட்டி வங்கிமுறை நமக்கு உடன்பாடானதல்ல. எனினும் அவரது நிர்வாகத்தில் பாடம் உண்டு. சரக்குக்கு ஒரே வழியை நம்பியிருப்பவன் அவ்வழி அடைபட்டால் தானும் அடைபடுவான். மற்றொன்று, திறமையுள்ள பெண்ணுக்குக் குறைந்த சம்பளமே போதும் என்று எண்ணுவோருக்கு: 100 டொலருக்கு அமர்த்தப்பட்ட அந்தப் பெண், சுமார் 1,000 பேர் கொண்ட கடன்பட்ட சங்கத்தைக் கால் நூற்றாண்டில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் கொண்ட அமைப்பாக்கினார். சம்பளப் பட்டியலைத் தயாரிக்கும்போது இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.