ஜன்னல் ஓரத்து விரிசல்

சாய்ந்தடிக்கும் மழையில் எங்கள் தாமான் வீட்டு ஜன்னலுக்குக் கீழே சுவர் ஊறிவிடும். அந்தப் பக்கம்தான் பிள்ளைகளின் கட்டில். சாயம் பூச வந்தவர் இடுக்கைச் சிமெண்டால் அடைத்தார். சில மாதங்களில் அதே இடத்தில் மயிரிழை விரிசல்.

வெயிலில் அலுமினியச் சட்டம் சிமெண்டுப் பூச்சைவிட ஏறக்குறைய 2 மடங்கு விரியும்; மழை பட்டதும் சுருங்கும். இரண்டையும் இறுக்கி ஒட்டினால் பூச்சுதான் பிளக்கும். எனவே நடுவில் சிறு இடைவெளி விட்டு, நுரைக் கயிற்றைத் திணித்து, அதன்மேல் சிலிக்கோன் அடைக்க வேண்டும். கயிறு எதற்கு? சிலிக்கோன் இரண்டு பக்கம் மட்டும் பிடித்தால்தான் ரப்பர்போல் இழுபடும். அடியிலும் ஒட்டிக்கொண்டால் கிழியும். வினிகர் வாடை வீசும் வகை வேண்டாம், அது சிமெண்டில் சரியாகப் பிடிக்காது. சட்டத்தின் அடியில் நீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.