போதை நோயும் சுவிட்சர்லாந்து கண்ட வழியும்

சூரிச் நகரத்தின் பிரதான ரயில் நிலையத்துக்கு அருகே, தேசிய அருங்காட்சியகத்தின் பின்புறத்தில், லிம்மட், ஸீல் என்னும் இரு நதிகள் சங்கமமாகும் இடத்தில் பிளாட்ஸ்பிட்ஸ் என்றொரு பழைய பூங்கா இருக்கிறது. 1987 முதல் 1992 வரையில் அந்தப் பூங்கா ஐரோப்பா முழுவதும் அறிந்த துயரக் காட்சியாக இருந்தது. ஹெராயினை நரம்பில் ஏற்றிக்கொள்ளும் பழக்கத்துக்கு அடிமைப்பட்டோர், ஊரின் பல மூலைகளிலிருந்தும் போலீசாரால் விரட்டப்பட்டு, இறுதியில் அங்கே வந்து கூடினர். அதிகாரிகளும் வேறு மார்க்கம் தோன்றாமல் அந்த ஒரு இடத்தில் மட்டும் கண்டும் காணாமலும் விட்டுவைத்தனர்.

அங்கே ஹெராயினோடு மற்றொரு ஆபத்தும் பரவியது. ஒருவர் குத்திக்கொண்ட ஊசியையே மற்றவரும் வாங்கிக் குத்திக்கொள்ளும்போது, அதில் தங்கிய சிறு துளி இரத்தத்தின் வழியே எயிட்ஸ் கிருமி ஒரு தேகத்திலிருந்து மறு தேகத்துக்குச் சென்றது. புதிய ஊசி கொடுத்தால் இந்த வழி அடைபட்டுவிடும் என்பது வைத்தியர்களுக்குத் தெரியும். ஆயினும், அது தீய பழக்கத்துக்குத் துணைபோவதாகும் என்று கருதிய சூரிச் மாநிலத்துச் சுகாதார இலாகா 1980களின் நடுவில் அதைத் தடை செய்தது. வைத்தியர்கள் பலர் வெளிப்படையாக எதிர்த்து நின்றதனாலேயே அத்தடை நீங்கிற்று. பின்னர் அவர்கள் அந்தப் பூங்காவுக்குள்ளேயே புகுந்து, புதிய ஊசிகளை வழங்கி, மஞ்சள் காமாலைக்குத் தடுப்பூசி போட்டு, ஹெராயின் அளவு மீறி மூச்சடங்கிக் கிடந்தவர்களுக்குச் சுவாசம் கொடுத்து எழுப்பினார்கள். பெர்ன் நகரத்திலோ 1986ஆம் ஆண்டிலேயே, பணியாளரின் கண்பார்வையில் ஊசி போட்டுக்கொள்ள ஓர் அறை திறக்கப்பட்டிருந்தது.

குற்றத்துக்கு உபகாரம் செய்யலாமா என்னும் கேள்வியைத் தூய உள்ளம் படைத்தோர் பலரும் எழுப்பினர். மகனையோ மகளையோ இந்தப் பழக்கத்துக்குப் பறிகொடுத்த தாய் தந்தையர் அதைக் கேட்கையில் அலட்சியம் செய்ய எவருக்கும் உரிமையில்லை. ஆனால் போதைப் பழக்கம் முற்றியபின் அது மனத்திடத்தால் மட்டும் உதறத்தக்க ஆசையாக இருப்பதில்லை. ஹெராயின் கிடைக்காத சில மணி நேரத்துக்குள்ளேயே தேகமெல்லாம் நோவும் நடுக்கமும் வாந்தியும் கண்டு, அந்த வேதனையைத் தணிப்பதொன்றே வாழ்க்கையின் காரியமாகிவிடும் வியாதி அது. வியாதியஸ்தன் குணமாவதற்கு முன் உயிரோடிருக்க வேண்டும். குணமாகும் நாள் வரும்வரையில் அவனைக் காப்பது வைத்தியத்தின் பகுதியே என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

1992 பிப்ரவரியில் பூங்காவை இழுத்து மூடினார்கள். கூட்டம் கலைந்து வீதிகளில் அலைந்து, பின்பு லெட்டன் என்னும் கைவிடப்பட்ட ரயில் நிலையத்தில் மறுபடியும் கூடிற்று. 1995 பிப்ரவரியில் அந்த இடத்தையும் மூடியபோது கூட்டம் வேறெங்கும் அவ்வாறு திரளவில்லை. ஏனென்றால், அதற்குள் சிகிச்சை நிலையங்களும் தங்குமிடங்களும் ஆயத்தமாக இருந்தன. தடுத்தல், சிகிச்சை, தீங்கு குறைத்தல், சட்டத்தின் கண்டிப்பு ஆகிய நான்கையும் சேர்த்து நடத்தும் கொள்கையை ஸ்விஸ் அரசாங்கம் மேற்கொண்டது. 1993 முதல் உள்நாட்டு இலாகாவின் பொறுப்பை வகித்த ரூத் டிரைஃபுஸ் அம்மையார் அதற்காக உழைத்தவர். கடத்தல்காரனுக்குச் சிறையும் நோயாளிக்கு வைத்தியசாலையும் என்று பிரித்தறிந்ததே இக்கொள்கையின் சாரம்.

பெரும்பாலோருக்கு மெத்தடோன் கொடுக்கப்பட்டது. வாய்வழி உட்கொள்ளும் இம்மருந்து தேகத்தில் நெடுநேரம் நின்று வேதனையை அடக்குவதால், நாளுக்கு ஒரு வேளை அருந்திவிட்டு மனிதன் தன் தொழிலைப் பார்க்கலாம். அதிலும் தேறாத சிலருக்காக 1994இல் ஒரு துணிகரமான சோதனை தொடங்கப்பட்டது. பலமுறை சிகிச்சை பெற்றும் பயன் காணாத கடும் நோயாளிகளுக்கு, சுத்தமாகவும் அளவறிந்தும் தயாரித்த ஹெராயினையே, வைத்தியசாலையில் செவிலியர் முன்னிலையில் வழங்கினார்கள். தெருவில் விற்கும் பொடியில் எவ்வளவு சரக்கு, எவ்வளவு கலப்படம் என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. அளவு மீறிய மரணங்களுக்கு அந்த அறியாமை ஒரு முக்கிய காரணம். வைத்தியசாலையில் அந்த அபாயம் வெகுவாகக் குறைகிறது. அடுத்த வேளைக்குப் பணம் தேடித் திருடவும் உடலை விற்கவும் நேர்ந்த நிர்ப்பந்தமும் தளர்கிறது. தினந்தோறும் வைத்தியரைக் காணும் மனிதனுக்கு வீடு, வேலை, குடும்பம் பற்றிப் பேச அவகாசம் கிடைக்கிறது.

1990களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தில் ஆண்டுக்குச் சுமார் 400 பேரைக் கொண்டுபோன போதை மரணம் அந்தப் பத்தாண்டின் முடிவில் ஏறக்குறையப் பாதியாயிற்று. சூரிச் மாநிலத்தில் 1990இல் புதிதாக ஹெராயினைத் தொட்டவர் 850 பேர், 2002இல் 150 பேர் என்று 2006ஆம் ஆண்டில் ‘லான்செட்’ என்னும் வைத்தியப் பத்திரிகையில் வந்த ஆராய்ச்சி மதிப்பிட்டது. நோயாளிக்கு இரங்கினால் இளைஞர் கெட்டுப்போவர் என்ற அச்சம் அங்கே மெய்யாகவில்லை.

இவையெல்லாம் ஜனங்களுக்குத் தெரியாமல் நடந்தவையல்ல. போதைப்பொருள் கொள்கையைக் கண்டிப்பொன்றாகவே ஆக்க வேண்டும் என்ற பிரேரணையை 1997இலும், போதைப்பொருள்களைச் சட்டபூர்வமாக்க வேண்டும் என்ற பிரேரணையை 1998இலும் வாக்காளர்கள் பெருவாரியாக நிராகரித்தார்கள். 2008 நவம்பர் 30ஆம் தேதி, ஹெராயின் சிகிச்சையை நிரந்தரச் சட்டமாக்குவதற்கு நூற்றுக்கு 68 பேர் சம்மதித்தனர். அதே தினத்தில், கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் யோசனையை நூற்றுக்கு 63 பேர் நிராகரித்தனர்.